சமையல்காரி போன வழி

நாலாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிற எவனையாவது நிறுத்தி என்னைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று, என்னிடம் வேலை பார்த்தவனாக இருப்பான்; இல்லையென்றால் வேலை கேட்டு வந்து நான் திருப்பி அனுப்பியவனாக இருப்பான். லாரியில் கிளீனராக ஏறி, வாடகை வேன் ஓட்டி, இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வரைக்கும் எல்லா ஷிஃப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்குகிற பஸ்கள் என் பெயரில் ஓடுகின்றன. ஏரி உடைந்து ரோட்டில் தண்ணீர் ஓடிய நாளிலும் என் வண்டி கம்பெனி கேட்டுக்கு லேட்டாகப் போனதில்லை. நான் இப்படிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி விடமாட்டாள். "பஸ் மொதலாளி ஸ்டார்ட் பண்ணிட்டாரு, அல்லாரும் சீட்டைப் புடிச்சி ஒக்காந்துக்குங்க" என்று வந்தவர்கள் முன்னாலேயே சொல்வாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அந்த நாலு வகுப்பு வித்தியாசத்தைக் கடைசி வரை சொல்லிக் காட்டினாள்.

கடைசி வரை என்று சொல்லிவிட்டேன். பேச்சு நிற்கும் வரை என்று சொல்ல வேண்டும்.

ஒரு காலையில் அடுப்படியில் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், வாய் எல்லாம் ஒரேயடியாகப் போயின. எந்த ஆஸ்பத்திரியையும் நான் விட்டுவைக்கவில்லை. கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முன்அறையில் தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற கட்டில் போட்டேன். கூட இருந்து பார்த்துக்கொள்ள வடகாலிலிருந்து ஒரு அம்மாளை வைத்தேன். கிறிஸ்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, கை மட்டும் அவ்வளவு சுத்தம். என் மனைவி இடது கையை மெதுவாக அசைப்பாள், கண்ணைத் திறந்து பார்ப்பாள். அவ்வளவுதான். அந்தக் கண்ணுக்குப் பின்னால் அவள் இருக்கிறாளா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

என் மகனும் மருமகளும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் பெரிய செல்போன் மாதிரி டேப் ஒன்றும் அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டும் கொண்டுவந்தாள்.

"மாமா, அத்தைக்குக் கதைன்னா உயிரு. டிவின்னா அது பாட்டுக்கு ஓடிடும். இது அவங்க அமுத்தினாதான் நகரும். தமிழ்லயே கெடைச்சுது" என்றாள்.

விஷுவல் நாவல் என்று அதற்குப் பெயர் சொன்னாள். திரையில் படம் இருக்கும். ஆட்கள் பேசுவது காதில் கேட்கும். கதை போய்க்கொண்டே இருந்து ஒரு இடத்தில் நின்றுவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பதில் எழுத்தில் வரும். எதைத் தொடுகிறோமோ அந்தப் பக்கம் கதை திரும்பும். இதில் வந்த கதை, ஒரு மலை ஊர் பங்களாவில் நடப்பது. அடைமழை. ராத்திரி சாப்பிட்டுப் படுத்த எஸ்டேட் முதலாளியை விடிந்தால் காணவில்லை. வீட்டில் இருப்பது நாலு பேர்: முதலாளியின் தம்பி, டாக்டர், டிரைவர், சமையல்காரி. நாலு பேரில் யாராக வேண்டுமானாலும் நாம் உள்ளே போகலாம். ஒரே நாள்தான், ஆனால் அவரவர் கண்ணுக்குப் பட்டது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. என் வண்டி எங்காவது உரசினால் டிரைவர் சொல்வதை மட்டும் கேட்டு நான் முடிவெடுக்கமாட்டேன். டிரைவர் முன்னால் பார்த்திருப்பான். கிளீனர் இடது பக்கம் பார்த்திருப்பான். கடைசி சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் பின்னால் வந்த பைக்கைப் பார்த்திருப்பாள். தனித்தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லாமல் கேட்பேன். எவன் பொய் சொல்கிறான் என்று டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். அதனால் இந்தக் கேஸை ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று மருமகளிடம் சவால் விட்டேன்.

நான் டிரைவராகப் போனேன். வேறு யாராகப் போவேன்? போனதுமே அந்த விளையாட்டோடு சண்டை வந்துவிட்டது. "எந்த டிரைவருடா மல எறக்கத்துல நியூட்ரல்ல வண்டி வுடுவான்? இத எழுதினவன் சைக்கிளாவது ஓட்டிக் கீறானா?" என்று கத்தினேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், "ஐயா, அம்மா வாயோரம் பாருங்க, சிரிக்கிறாங்க" என்றார். நான் பார்ப்பதற்குள் போய்விட்டது. கடைசியில் டாக்டர்தான் குற்றவாளி என்று அடித்துச் சொன்னேன். டாக்டர்கள் மேல் எனக்கு அப்போது அப்படிக் கோபம். தப்பு என்று வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது.

அடுத்த நாள் நாலு முகமும் வந்த இடத்தில் டேபை அவள் கைக்கு அருகே வைத்தேன். "இன்னாமே, நீ யாரா போற?" என்றேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இடது ஆள்காட்டி விரல் நகர்ந்துபோய்ச் சமையல்காரியின் முகத்தில் நின்றது.

அன்றைக்கு நான் என் ஷெட்டுக்குப் போய் டிரைவர் கிளீனர் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

அதிலிருந்து மத்தியானம் எங்கள் நேரம் ஆகிவிட்டது. காலை ஷிஃப்டுக்குப் போன வண்டிகள் திரும்பியதும் வீட்டுக்கு வந்துவிடுவேன். மற்ற மூன்று பேர் வழியில் நான் தனியாகப் போவேன். சமையல்காரியின் வழியில் அவள்தான் போவாள். அவள் வண்டியை நான் தொட்டதே இல்லை. கதை நிற்கும்போது இரண்டு பதிலையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவேன். அவள் விரல் நகரும். 'டம்ளரைக் கழுவு, கழுவாமல் எடுத்து வை.' 'தம்பி கேட்டதற்குப் பதில் சொல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு இரு.' அவள் தொட்டதும் கதை ஓடும். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் டேபைக் காட்டினேன். "என் பொண்டாட்டி துப்பறியறா பாருங்க. எந்த வூட்லனா இந்த மாதிரி நடக்குதா?" என்றேன். சிலர் நம்பினார்கள். சிலர் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அவர்களைப் பற்றி எனக்கென்ன?

மகன் நம்பவில்லை. அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

"அப்பா, அம்மா ஒவ்வொரு வாட்டியும் கீழ இருக்கறதத்தான் தொடறாங்க. கவனிச்சியா?"

"அவளுக்கு எது தோணுதோ அத்தத் தொடறா."

"இல்லப்பா. ஸ்டாண்டு சாஞ்சி இருக்கு. அவங்க கைக்கு கீழ்ப்பக்கம்தான் எட்டுது. சமையல்காரி மொகம்கூட கீழ்வரிசைலதான் இருந்துச்சி. இது சும்மா கை அசையறது. நீ கத கட்டிகினு கீற."

"உங்கம்மாவுக்குப் புரியுதுடா."

"புரிஞ்சா நல்லதுதான். புரியலப்பா. டாக்டரும் அதான் சொன்னாரு." கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். தாம்பரம் பக்கம். நர்ஸு, பிசியோ எல்லாம் அங்கியே இருக்காங்க. அம்மாவுக்கு எந்த எடமா இருந்தா இன்னா, ஒண்ணுதான். நீயாவது கொஞ்சம் ரெஸ்ட் எடு. இளைச்சிட்ட."

"மெதுவாப் பேசு. அவ காதுல உழுது."

"உழுந்தாலும் தெரியாதுப்பா அவங்களுக்கு."

என் மகன் கெட்டவன் இல்லை. அம்மா விழுந்த நாளிலிருந்து அவன் வாரம் தவறாமல் வந்தான். எனக்கு முடியாமல் போய்விடும் என்று பயந்தான். ஆனால் நான் தோற்றுப் பழக்கப்பட்டவன் இல்லை. அவனிடம் ஒரு பந்தயம் சொன்னேன். புது ரூட் எடுத்தால் முதல் நாள் நான் ஆள் ஏற்றமாட்டேன். காலி வண்டியை விட்டு, ரோடு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுவேன். அதையே இதிலும் செய்கிறேன் என்றேன்.

"சமையல்காரியா நான் மொதல்லருந்து போறேன். யோசிக்காம கீழ கீறத மட்டுமே அமுத்திகினு போறேன். உங்கம்மா போய்ச் சேந்த எடத்துக்கே நானும் போய் நின்னா நீ சொல்றது ரைட்டு, ஹோம் பத்திப் பேசலாம். வேற எடத்துக்குப் போச்சின்னா, உங்கம்மா யோசிச்சிதான் தொட்டான்னு அர்த்தம். ஒத்துக்கிறியா?"

"செஞ்சி பாரு. இன்னா வந்தாலும் மறைக்காம சொல்லணும்" என்றான்.

அந்த நேரம் வடகால் வளைவில் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று டிரைவர் போன் செய்தான். டேபை அவள் கைப்பக்கம் ஓடவிட்டபடியே, பேசிக்கொண்டு வெளியே போனேன். மகனும் வாதாடிக்கொண்டே பின்னால் வந்தான்.

காலி வண்டி விட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. ஷெட்டில் எல்லா வண்டியும் நின்றது. அத்தனை வருஷத்தில் என் வண்டிகள் கேட்டுக்குப் போகாத நாள் அது ஒன்றுதான்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒரு மத்தியானம் வண்டிகள் திரும்பின. பழக்கத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டிலை எடுத்துப் போயிருந்தார்கள். டேப் ஸ்டாண்டில் அப்படியே இருந்தது. அத்தனை நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் பேசாததையெல்லாம் பேசியிருக்கிறேன். அதை ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தாளா, இல்லை நான் கட்டிலோடு பேசிக்கொண்டிருந்தேனா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். சமையல்காரியின் முகத்தைத் தொட்டேன்.

அந்த விளையாட்டில் ஒரு வரைபடம் உண்டு, ரூட் மேப் மாதிரி. நாம் போன வழி மஞ்சளாக இருக்கும், போகாத வழி கறுப்பாக இருக்கும். சமையல்காரியின் படத்தில் இருந்த மஞ்சள் முழுக்க அவள் போனது. கீழே இருப்பதை மட்டும் தொட்டுக்கொண்டு போனேன். டம்ளரைக் கழுவாமல் எடுத்து வைத்தேன். மஞ்சள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மஞ்சள். ஒவ்வொரு இடமும் எங்களுக்குத் தெரிந்த இடம். ஒவ்வொன்றிலும் நான் அவளிடம் என்ன சொல்லிச் சிரித்தேன் என்றுகூட நினைவு வந்தது. மகன் சொன்னதுதான் சரி. அவள் எட்டியதைத் தொட்டிருக்கிறாள், நான் கதை கட்டியிருக்கிறேன். ஆனாலும் பாதியில் விடவில்லை.

கடைசியாக ஒரு இடம் வந்தது. சமையல்காரி சாமான் அறைக்குள் அரிசி எடுக்கப் போகிறாள். அவள் உள்ளே இருப்பது தெரியாமல் தம்பியும் டாக்டரும் கூடத்தில் நின்று அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். கிழவிக்கு ஒன்றும் தெரியாது, நாளைக்கே எங்காவது அனுப்பிவிடலாம் என்கிறார்கள். கதை நின்றது. மேலே: 'நான் இங்கேதான் இருக்கிறேன் என்று குரல் கொடு.' கீழே: 'மூச்சுக் காட்டாமல் நில்.'

இந்த இரண்டு பதிலையும் நான் பார்த்ததே இல்லை. அவளுக்குப் படித்துக் காட்டியதும் இல்லை.

கீழே இருந்ததைத் தொட்டேன். படத்தில் புதிதாக ஒரு கோடு மஞ்சளானது. மூச்சுக் காட்டாமல் நின்ற சமையல்காரியின் காதில் எல்லாம் விழுந்தது. முதலாளியைத் தம்பி எங்கே பூட்டி வைத்திருக்கிறான், சாவி எங்கே இருக்கிறது, எல்லாம். கேஸ் முடிந்தது. எத்தனையோ மத்தியானம் நான் தலையை உடைத்துக்கொண்டது அங்கே முடிந்தது. ஆனால் அது என் மனதில் ஏறவே இல்லை. அவள் போன பழைய மஞ்சள் கோடு பக்கத்தில் இன்னொரு கிளையில், குரல் கொடுத்த பக்கம், போய் நின்றிருந்தது. அந்த இடம் எனக்குத் தெரியும். நடுக்கூடத்தில் சமையல்காரி நிற்கிறாள், எல்லோரும் அவளைத் திட்டுகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனோடு பேசிவிட்டு, போனையும் முடித்துவிட்டு நான் உள்ளே வந்தபோது திரையில் இருந்தது அந்தப் படம்தான். விரல் பட்டு ஓடியிருக்கும் என்று நினைத்தேன். "இன்னாமே, உன் ஆளு நடுக்கூடத்துல வந்து நின்னுகினு கீறா? ஒளிஞ்சிருந்தா எதுனா கெடைச்சிருக்கும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்து டேபை மூடினேன்.

வடகால் அம்மாளுக்குப் போன் செய்தேன். இப்போது வேறு வீட்டில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு நானும் மகனும் வெளியே போயிருந்தபோது டேபைத் தொட்டது யார் என்று கேட்டேன்.

"நான் தொடல ஐயா. எனக்கு அதுல இன்னா தெரியும்? அம்மாதான் தொட்டாங்க."

"கை பட்டுடுச்சா?"

"பட்டுலாம் இல்ல. மேல கீற எழுத்து அவங்களுக்கு எட்டல. ஒடம்பையே இழுத்துகினு போனாங்க. நான் பயந்துட்டேன், உழுந்துடப் போறாங்கன்னு தோளப் புடிச்சிகினேன். அமுத்திட்டுதான் சாஞ்சாங்க. கண்ணுல தண்ணியா ஊத்திச்சி. தூசு உழுந்துருக்கும்னு முந்தானையால தொடச்சி வுட்டேன். ஏன் ஐயா, நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?" என்றார்.

"இல்லம்மா. நீங்க நல்லாப் பாத்துகினீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

படித்துக் காட்ட ஆள் இல்லாத நேரத்தில் அவளே படித்திருக்கிறாள். எட்டாத இடத்துக்கு எட்டித் தொட்டிருக்கிறாள். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அவள் உள்ளேதான் இருந்தாள்.

ஜெயித்தால் எனக்கு உட்காரத் தெரியாது, யாரிடமாவது சொல்ல ஓடுவேன். அன்று எழுந்திருக்கவே முடியவில்லை. அவள் உள்ளே இருந்தாள் என்றால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் தங்கை அவள் வளையலைக் கழற்றித் தன் கையில் போட்டு அளவு பார்த்தபோதும், ஆஸ்பத்திரியில் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனவன் அவளைக் கட்டை என்று சொன்னபோதும், மகன் ஹோம் என்று சொன்னபோதும். கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்கள் அவள் வலது காதுக்குப் பின்னால் ஒரு புண்ணைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தோட்டுத் திருகாணி அழுத்தி அழுத்தி உண்டான புண். ஒரு திருகாணியைத் தளர்த்தச் சொல்ல முடியாமல் கிடந்திருக்கிறாள். அவளுக்குப் புரிகிறது, புரிகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் தனியாக வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தான். மருமகள் முன்னாலேயே எனக்குப் போனில் சொல்லியிருந்தாள், அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று. நான் சாதம் போட்டுக் கொடுத்தேன். பிசைந்துகொண்டே இருந்தான்.

"அப்பா, அந்த டெஸ்ட்டு பண்ணியா?"

நான் சாம்பார் கரண்டியை எடுத்தேன்.

"ஏன் கேக்கறன்னா, அன்னிக்கி நான் அம்மா கால்மாட்டுலயே நின்னுகினு பேசிட்டேன். வெளிய வந்து பேசியிருக்கலாம். அவங்களுக்குக் கேட்டிருந்தா, புரிஞ்சிருந்தா…" சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கண்ண மூடினா அதான் ஓடுது. உள்ளத சொல்லுப்பா. எங்க போய் நின்னுச்சி?"

அவனை நான் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். என் மகனுக்குத் தமிழில் பஸ் போர்டு படிக்கக்கூட நேரமாகும் என்று அதையே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். மருமகள் கண்ணில் பட்டால் படட்டும். அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

"அதே எடந்தான்" என்றேன். "கீழ கீறத அமுத்திகினே போனேன். உங்கம்மா போன எடத்துலயே போய் நின்னுச்சி. நீ சொன்னதுதான் ரைட்டு. அவளுக்கு ஒண்ணும் தெரியல."

"மெய்யாலுமா?"

"நான் எப்படா பொய் சொல்லிக் கீறேன்?"

அவன் என்னையே பார்த்தான். பிறகு தோள் இறங்கியது. ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய் சாப்பிட்டான்.

"அப்ப அம்மா கஷ்டப்படல" என்றான்.

"படலடா."

"நீ தோத்தேன்னு சொல்லி நான் கேட்டதே இல்லப்பா" என்றான். சிரித்தான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"சோத்தப் பாத்துத் துன்னு" என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.